பதினாறாம் டிராஃப்டுக்கு வந்த பதில்

ஏழாம் தேதி காலை, இட்லியை வாயில் வைக்கப் போன நேரத்தில் தாணுமாலயனின் போனில் ஆராய்ச்சிக் குருவின் பதில் வந்து விழுந்தது.

‘அத்தியாயம் 5, டிராஃப்ட் 16 படித்தேன். கொஞ்சம் விரிக்கலாம்.’

இட்லி திரும்பவும் தட்டுக்கே இறங்கியது. பதினாறாவது டிராஃப்டில் முப்பது பக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு பதினேழாவதும் போய், பதினெட்டாவதையும் நேற்றுத்தான் அனுப்பியிருந்தார். பதினெட்டில் ஐம்பத்தெட்டுப் பக்கம். ஐம்பத்தெட்டை இனி எங்கே போய் விரிப்பது?

“சாப்பிட்டுட்டுக் கத்துங்க” என்றாள் மனைவி செண்பகவடிவு.

“நான் எங்கட்டி கத்தினேன்?”

“இனிமேத்தான் கத்தப் போறீங்க. ஆறு மாசமா பாக்குதேம்லா.”

அவர் கத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். இன்றைக்கு அந்தக் குருவம்மாவை நேரில் ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு. பொத்தானை மேலும் கீழும் மாற்றிப் போட்டிருந்தார் என்பதை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்தான் சொன்னார். அதற்கும் அவருக்குக் கோபம் வந்தது.

சீடருக்கு வயது ஐம்பத்து நான்கு, குருவுக்கு முப்பத்தொன்பது. நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் காலமெல்லாம் கணக்கு நடத்தியவருக்கு, நாற்பத்தெட்டாம் வயதில் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொள்ள ஆசை வந்துவிட்டது. பேராசிரியை ஜெசிந்தாவிடம் பகுதிநேர மாணவராகச் சேர்ந்தார். அவர் இவரை ‘சார்’ என்பார், இவர் அவரை ‘மேடம்’ என்பார். இந்த மரியாதைக்கு மட்டும் ஆறு வருடத்தில் ஒரு குறையும் வந்ததில்லை.

ஆராய்ச்சி, மூளையில் உள்ள நரம்பணுக்களைப் பற்றி. மூளையை அவர் கண்ணால் பார்த்தது கிடையாது; எல்லாம் சமன்பாட்டில்தான். ஒரு நரம்பணு துள்ளுகிறது. பக்கத்து நரம்பணு ‘அடங்கு’ என்று சேதி அனுப்புகிறது. சேதி போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. அதற்குள் முதல் நரம்பணு தானாகவே அடங்கத் தொடங்கியிருக்கும். ஆனாலும் சேதி வந்துவிட்டதே என்று இன்னும் அடங்கி, அளவுக்கு மீறிக் கீழே போய்விடும். ‘போதும், எழுந்திரு’ என்ற சேதியும் அதே மாதிரி பிந்தித்தான் வரும். உடனே மறுபடி அளவுக்கு மீறி ஒரு துள்ளல். சேதி உடனுக்குடன் கிடைத்திருந்தால் சிவனே என்று கிடந்திருக்க வேண்டிய இரண்டு நரம்பணுக்கள், அது பிந்துகிற ஒரே காரணத்தால் நாள் முழுக்க ஊசலாடிக்கொண்டிருக்கும்.

அந்த ஆட்டம் எப்போது தொடங்கும், என்ன செய்தால் நிற்கும் என்பதுதான் ஐந்தாம் அத்தியாயம். நிற்பதற்கான நிபந்தனையைத் தாணுமாலயன் நிரூபித்தும்விட்டார். குற்றம் சொல்ல முடியாத நிரூபணம். ஆனால் அதை எத்தனை பக்கத்தில் எழுதுவது என்பதில் ஆறு மாதமாக வீடே இரண்டுபட்டுக் கிடந்தது.

பத்து நாளைக்கு ஒரு டிராஃப்ட் அனுப்புவார். குருவிடமிருந்து இருபத்தோராம் நாள் ஒரு வரியில் பதில் வரும். சுருக்கலாம் என்று வந்தால் சுருக்குவார், விரிக்கலாம் என்று வந்தால் விரிப்பார். மனிதர் அதில் சோம்பேறித்தனம் காட்டியதே இல்லை. இப்போது மூன்றாவது நீட்டிப்பும் முடியப் போகிறது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருடம் அம்போ.

பல்கலைக்கழகத்தில் ஜெசிந்தாவின் அறைக்குள் நுழையும்போது மணி பதினொன்று. அறை முழுக்கக் காகிதம். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு கடற்கரைக் கூழாங்கல். நடுவில் பென்சிலும் கையுமாக அவர்.

“வாங்க சார். உக்காருங்க.”

“உக்காரதுக்கு வரல மேடம். எனக்கு ஒரே ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“சுருக்கணுமா, விரிக்கணுமா?”

ஜெசிந்தா பென்சிலைக் கீழே வைத்தார்.

“ஒரே வார்த்தையில சொல்லிருங்க மேடம். சுருக்குன்னா சுருக்குதேன். விரின்னா விரிக்கேன். ஆனா ஒண்ணைச் சொல்லுங்க. போன மாசம் சுருக்குங்கதீங்க, இந்த மாசம் விரிங்கதீங்க. நான் மனுஷனா ரப்பரா?”

“தண்ணி குடிக்கீங்களா?”

“வேண்டாம்.”

ஜெசிந்தா எழுந்து, மேசையிலிருந்து அரைப் பக்கக் காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் பென்சிலால் பதினெட்டு எண்கள் எழுதியிருந்தன. மூன்று, நான்கு, ஆறு, கழித்தல் மூன்று, கழித்தல் எட்டு, கழித்தல் பதினான்கு என்று ஏறியும் இறங்கியும் போனது வரிசை.

“இது என்ன மேடம்?”

“நீங்கதான் சொல்லணும்.”

“நான் என்ன கேட்டேன், நீங்க என்ன தாரீங்க?”

“பாத்துச் சொல்லுங்க சார். அப்புறம் உங்க கேள்விக்கு வருவோம்.”

தாணுமாலயனுக்கு வந்த எரிச்சலில் அந்தக் காகிதத்தைக் கசக்கி எறிந்திருப்பார். ஆனால் அது எண்கள் எழுதிய காகிதம். எண்களைப் பார்த்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது, அது பிறவிக் கோளாறு. நின்றபடியே படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தைத் திருப்பி, கோடு கிழித்து, பதினெட்டுப் புள்ளிகளையும் வைத்து வளைத்துச் சேர்த்தார். கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

“ஆடுது மேடம்! மொதல்ல சின்னதா ஆடி, போகப்போகப் பெருசாகி, அப்புறம் அதே அளவுல நின்னு ஆடுது. நம்ம சாப்டர்ல வார அதே ஆட்டம். எந்த நரம்பு செல்லு இது?”

“ஏன் ஆடுது?”

“தானா ஆடலை. இதைத் திருத்துததுக்கு எங்கயிருந்தோ சேதி வருது. ஆனா பிந்தி வருது.” அவர் விரல் விட்டு எண்ணினார். “ஒரு எண் ஒரு அடின்னு வச்சா, பள்ளத்துல இருந்து அடுத்த பள்ளத்துக்கு ஒம்பது அடி. அதுல நாலுல ஒரு பங்குதான் பிந்துத நேரம், ரெண்டேகால். சேதி ரெண்டு அடி பிந்துது. கொஞ்சம் கூட இருக்கலாம்.”

“ரெண்டுக்கு ஒரு பொட்டு மேல.”

“பாத்தீங்களா!” என்று தாணுமாலயன் தொடையில் தட்டினார். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய முகம். “ஆனா மேடம், ஒண்ணு சொல்லட்டா? இந்தச் செல்லு கிறுக்கு.”

“ஏன் அப்படிச் சொல்லுதீங்க?”

“எட்டாவது எண்ணைப் பாருங்க. பூச்சியம். எங்க நிக்கணுமோ கரெக்டா அங்க வந்து நின்னாச்சு. அப்படியே இருந்தா சோலி முடிஞ்சுது. ஆனா அந்த நேரம் பாத்து வருது பழைய சேதி. ஆறாவது அடியில பள்ளத்துல கிடந்தப்போ புறப்பட்ட சேதி. ‘மேல வா’ன்னு. இது இப்போ பள்ளத்துலயா கிடக்கு? இல்லேல்லா? ஆனாலும் ஒரே தாவு, பதினாலு மேல! சேதி எப்போ புறப்பட்டுது, நாம இப்போ எங்க நிக்கோம்னு ஒரு யோசனை வேண்டாமா?”

“வேண்டியதுதான்.”

“இவ்வளவு முரட்டுத்தனமா சொன்ன பேச்சு கேக்குத செல்லை நான் பாத்ததே இல்ல மேடம். இதை வச்சிருக்கவன் பாவம்.”

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் பார்த்தார். சிரிப்பை அடக்கினாரா, பெருமூச்சை அடக்கினாரா, அது அவருக்கே வெளிச்சம்.

“எப்படி நிறுத்துவீங்க?”

“ரெண்டு வழி. ஒண்ணு, சேதியைச் சீக்கிரமா அனுப்பணும்.”

“முடியாது.”

“அப்போ செல்லுதான் மட்டா அசையணும். பத்து ஏறுன்னு சேதி வந்தா, ரெண்டுதான் ஏறணும். ஏறிட்டு, அது என்ன ஆச்சுன்னு அடுத்த சேதி வார வரைக்கும் கம்முனு கிடக்கணும்.”

“அந்தச் செல்லால முடியுமா?”

“ஏன் முடியாது? சமன்பாட்டுல ஒரு எண்ணைக் குறைச்சா போதும். சின்ன விஷயம்.”

“சரி” என்றார் ஜெசிந்தா. “இப்போ ஒவ்வொரு எண்ணோடயும் முப்பத்தெட்டைக் கூட்டுங்க.”

“எதுக்கு?”

“கூட்டுங்க சார்.”

தாணுமாலயன் கூட்டினார். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து நான்கு. பேனா வேகமாக ஓடியது. முப்பத்தைந்து, முப்பது. இருபத்து நான்கில் பேனா நின்றது.

இருபத்து நான்கு பக்க டிராஃப்டை அவரால் மறக்க முடியாது. அந்த அளவுக்கு வெட்டிக் குறைப்பதற்காகத்தான் சொந்த மைத்துனன் மகள் கல்யாணத்துக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். செண்பகவடிவு ஒன்பது நாள் பேசவில்லை.

மிச்சத்தை அவர் கூட்டவில்லை. கூட்டத் தேவையும் இல்லை. கடைசி எண் இருபது. முப்பத்தெட்டும் இருபதும் ஐம்பத்தெட்டு.

மனிதருக்கு அவமானமாக இருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினாரே அந்தச் செல்லை, அதை நினைத்து அவமானம். அவமானம் வந்த ஐந்தாவது விநாடி கோபம் திரும்பி வந்தது. இந்த முறை நல்ல காரணத்தோடு வந்தது.

“பிந்திப் பதில் போட்டது நீங்க மேடம்!”

“ஆமா.”

“இருபத்தொரு நாள்! ஒரு சாப்டர் படிக்க இருபத்தொரு நாளா?”

“மொத வாரம் படிப்பேன். ரெண்டாவது வாரம் அதைத் தொட மாட்டேன். மூணாவது வாரம் திரும்பப் படிப்பேன். ரெண்டு தடவையும் எது தப்பாத் தெரியுதோ அதை மட்டும்தான் சொல்லுவேன். எனக்கு அப்படித்தான் படிக்கத் தெரியும்.”

“கொஞ்சம் சீக்கிரம் படிச்சா என்ன?”

“சார், உங்க அஞ்சாவது சாப்டரை இதுவரைக்கும் முப்பத்திரண்டு தடவை படிச்சிருக்கேன். என் சொந்தக் கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் இத்தனை தடவை படிச்சதில்ல.” ஜெசிந்தாவின் குரலும் இப்போது ஏறியிருந்தது. “போனை எடுங்க. மொதல்ல போட்ட பதிலை வாசிங்க.”

தாணுமாலயன் தேடி எடுத்து வாசித்தார். “‘டிராஃப்ட் 1 படித்தேன். இரண்டு மூன்று பக்கம் குறைக்கலாம்.’”

“அப்போ உங்க கையில எத்தனாவது டிராஃப்ட்?”

“மூணாவது.”

“எத்தனை பக்கம் குறைச்சீங்க?”

“ஒம்பது.”

“நான் எவ்வளவு சொன்னேன்?”

தாணுமாலயன் அந்த வரியைத் திரும்ப ஒருமுறை வாசித்தார். குரு சுருக்கச் சொன்னாரா, விரிக்கச் சொன்னாரா என்பதை மட்டும் பார்த்துவிட்டு பேனாவை எடுப்பது அவர் வழக்கம். முன்னால் இருக்கும் டிராஃப்ட் எண்ணையும், நடுவில் இருக்கும் ‘இரண்டு மூன்று பக்கம்’, ‘கொஞ்சம்’ என்ற அளவுகளையும் அவர் கண் பார்த்ததே இல்லை.

“எட்டாவதுக்கு என்ன பதில்? வாசிங்க.”

“‘டிராஃப்ட் 8 படித்தேன். நன்றாக இருக்கிறது. பக்கம் 11இல் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது.’” வாசிக்கும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. அந்தப் பதில் வந்த அன்று அவர் கையில் இருந்தது பத்தாவது டிராஃப்ட், ஐம்பத்தொன்பது பக்கம். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாரே என்று ஐம்பத்தொன்பதையும் கட்டிக்கொண்டார். அதன் பதினோராம் பக்கத்தில் கழித்தல் குறியை நான்கு நாள் தேடினார். எல்லாக் குறியும் சரியாகவே இருந்தது. அப்படியானால் மேடத்துக்குக் குறிகள் புரியவில்லை போலிருக்கிறது என்று, குறிகளை விளக்கி இன்னொரு பக்கம் சேர்த்து அனுப்பினார்.

“அறுபது பக்கம்” என்றார் ஜெசிந்தா. “அதையும் ரெண்டு தடவை படிச்சேன்.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா மேடம்?”

“ரெண்டு ஆட்டம் முழுசா பாக்காம எப்படி சார் சொல்லுதது? ஒரு ஆட்டம்னா தற்செயல்னு நீங்களே சொல்லுவீங்க.”

சொல்லித்தான் இருப்பார். கணக்கு வாத்தியார் அல்லவா. தாணுமாலயன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “இன்னும் இருபத்து நாலு நாள்தான் மேடம் இருக்கு” என்றார். குரல் கெஞ்சியது. “ஆறு வருஷம். என் கூட வேல பாக்குதவன் எல்லாம் பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிட்டு இருக்கான். நான் பரீட்சைக்குப் படிக்கவன் மாதிரி மேசையில கிடக்கேன். இது போச்சுன்னா என்னால எந்திரிக்க முடியாது.”

ஜெசிந்தாவின் முகத்தில் இருந்த கடுமை இறங்கிற்று. எழுந்து போய் அலமாரி அடித்தட்டிலிருந்து ஒரு காகிதக் கட்டை உருவினார். கல்லை எடுத்துவிட்டுத் தூசியைத் தட்டி மேசையில் வைத்தார். முதல் பக்க மூலையில் பென்சிலால் ‘8’ என்று எழுதியிருந்தது. பட்டியலில் பூச்சியமாக நின்ற அந்த முப்பத்தெட்டுப் பக்கம்.

“பக்கம் பதினொண்ணு.”

தாணுமாலயன் புரட்டினார். மூன்றாவது வரியில், கழித்தல் குறி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் அவரே எழுதிய வரிதான். பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டார். சமன்பாடு சரியாகிவிட்டது. வேலை மூன்று விநாடி.

கோட்டைப் போட்ட கை எழவில்லை. கண் கீழ் வரிக்கு இறங்கியது. அங்கிருந்து அடுத்த பத்திக்கு.

“மேடம், இந்தப் பாராவை மட்டும் லேசா...”

ஜெசிந்தா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். காகிதக் கட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இதை நான் மறுபடி படிக்கணும்” என்றார். “படிக்காம கையெழுத்துப் போட மாட்டேன்.”

“எத்தனை நாள்?”

“இருபத்தொண்ணு.”

“அப்புறம் மூணு நாள்தான் இருக்கும்.”

“அச்சடிச்சு பைண்ட் பண்ண மூணு நாள் தாராளம்.”

“அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது தப்பாத் தெரிஞ்சா?”

“சொல்லுவேன். எவ்வளவு சொல்லுதேனோ அவ்வளவு மட்டும் மாத்துங்க.”

“நடுவுல நான் ஒரு பத்தொம்பதாவது டிராஃப்ட் அனுப்பினா...”

“பதிவு ரத்தாயிரும்.”

தாணுமாலயன் எழுந்தார். கைகள் இரண்டும் வெறுமையாகத் தொங்கின. பேனா கூட மேடம் கையில். கதவு வரை போய்த் திரும்பி வந்தார்.

“அந்த இருபத்தொரு நாளும் நான் என்ன மேடம் பண்ணட்டும்?”

“ஒண்ணும் பண்ணாதீங்க.”

“அது எப்படி மேடம் முடியும்?” கிட்டத்தட்டக் கத்திவிட்டார். “ஒரு மனுஷனால அது எப்படி முடியும்?”

“அதை அஞ்சாவது சாப்டர்ல நீங்கதான சார் நிரூபிச்சிருக்கீங்க” என்றார் ஜெசிந்தா.